கண்ணாடி அறைக்குத் தெரியாத கடல்

இராயப்பர் திருநாள் பந்தயத்தில் அந்த வருடம் முதலாவதாகக் கரை சேர்ந்த வள்ளத்தில் ஆள் யாரும் இல்லை. பாய் நிறையக் காற்றைப் பிடித்திருந்தது, பாய்க்கயிறு யாரோ பலமாக இழுத்துப் பிடித்ததுபோல விறைத்து நின்றது, சுக்கான் அலைக்குத் தக்கபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டது, கரையில் வெடி கொளுத்த நின்றவர்கள் வெடியையும் தீயையும் தனித்தனிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். வள்ளம் மணலில் ஏறியதும் மூன்று இடத்தில் தண்ணீர் தெறித்தது. ஈர மணலில் ஆறு பாதங்களின் தடம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே எங்களை நோக்கி வந்தது. எங்களுக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்று, கஸ்பாரின் குரல், "என்னல, செயிச்சுட்டு வந்திருக்கோம், எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்கிய?" என்று கேட்டது.

எங்கள் சிப்பித்துறை, துறைமுகத்துக்கு வடக்கே ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் போகிற கப்பலும் வெளியே வருகிற கப்பலும் எங்கள் ஊரைக் கடந்துதான் போகவேண்டும், ஆழம் தோண்டிய ஒரே ஒரு பாதைதான் அவற்றுக்கு, அதைவிட்டு ஒரு பாகம், அதாவது இரண்டு கையை விரித்த அளவு, இந்தப் பக்கம் விலகினாலும் அடி தரை தட்டிவிடும். அதனால் கப்பல் விலகாது, நினைத்தாலும் நிற்காது, விலகவேண்டியது நாங்கள்தான் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மற்ற நாளெல்லாம் அப்படித்தான் விலகுவோம். தூரத்தில் ஒரு கப்பல் வருகிறது என்றால் அதைப் பாய்மரத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்போம், மரத்துக்கு முன்னாலோ பின்னாலோ அது நகர்ந்துகொண்டிருந்தால் பயமில்லை, ஒரே இடத்தில் நின்று பெரிதாக மட்டும் ஆகிக்கொண்டிருந்தால் அது நம் மேல்தான் வருகிறது, உடனே பாயைத் தாழ்த்திவிட்டு அது போகும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு இருப்போம்.

திருநாள் பந்தயத்தில் மட்டும் அது நடக்காது. கப்பல் பாதைக்கு அந்தப் பக்கம் பாதையைக் காட்ட மிதக்கவிட்டிருக்கிற பச்சைப் போயாவைச் சுற்றிவிட்டுத் திரும்பவேண்டும், சுற்றுவதற்கு முன்னால் எவன் பாயைத் தாழ்த்துகிறானோ எவன் வள்ளத்தைத் திருப்புகிறானோ அவனுக்குக் கரையில் ஒரு மஞ்சள் சேலை காத்திருக்கும். திருநாள் கமிட்டிப் பெட்டியில் கொடிகளோடு மடித்து வைத்திருக்கிற அந்தச் சேலையை அவனுக்குக் கட்டி, பெண்கள் குலவை போட, கோவில் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போவார்கள். அதோடு முடியாது, அவன் மகன் பள்ளிக்கூடம் போனாலும் சேலைக்காரன் மகன்தான், அவன் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதிலும் யாராவது ஒருவர் அதைப் போட்டுவைப்பார்கள்.

அந்தச் சேலைக்குப் பயந்துதான் கஸ்பார், தன்னோடு பிச்சையையும் ஞானதீபத்தையும் வைத்துக்கொண்டு, நிலக்கரி இறக்கிவிட்டு வெறும் வயிற்றோடு வெளியே போன ஒரு கப்பலின் மூக்குக்கு முன்னால் குறுக்கே போனான். வள்ளம் கப்பலுக்கு இந்தப் பக்கம் மறைந்ததையும் அந்தப் பக்கம் வெளிப்பட்டதையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மறைந்தபோது ஆட்கள் இருந்தார்கள்.

எப்படி என்று யாரும் கேட்கவேண்டி வரவில்லை. துறைமுகத்தில் கயிறு கட்டுகிற வேலை பார்க்கும் எரோணி அன்றைக்குச் சாயந்தரமே சொல்லிவிட்டான். கப்பலை ஓட்டுகிறவர்கள் வாலில் உயரத்தில் ஒரு கண்ணாடி அறையில் நிற்கிறார்கள், மூக்கு அவர்களுக்கு முன்னால் எங்கேயோ இருக்கிறது, அந்த மூக்குக்குக் கீழே ஒரு துண்டுக் கடல் அவர்கள் கண்ணுக்கு எட்டுவதேயில்லை, சரக்கு இறக்கிய கப்பல் மேலே எழும்பி நிற்பதால் அந்தத் துண்டு இன்னும் நீளம், அந்தத் துண்டுக்குள் இருக்கிறவன் கப்பலைப் பொறுத்தவரை இல்லாதவன். "அதுக்குள்ள போயிட்டாவ, அவ்வளவுதான்," என்றான் எரோணி. நாங்கள் கச்சான் காற்று இந்த வருடம் ஒரு வாரம் பிந்திவிட்டது என்பதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

பரிசு கொடுப்பதா வேண்டாமா என்பதில்தான் தகராறு. இரண்டாவதாக வந்தவர்கள் ஆளில்லாத வள்ளத்துக்குப் பரிசு கிடையாது என்றார்கள். கமிட்டித் தலைவர் பங்கிராஸ் யோசித்துவிட்டு, "ஆள் இல்லன்னு எப்படிச் சொல்லுத? இப்ப ஒன்னைய கெட்ட வார்த்தையில ஏசினது யாரு?" என்று கேட்டார். பரிசாக வைத்திருந்த புதுப் பாயைக் காற்றில் நீட்டினார், அது அவர் கையிலிருந்து போய்விட்டது.

அதன்பிறகு ஊர் அவர்களுக்குப் 'படாதவர்கள்' என்று பேர் வைத்தது, கண்ணில் படாதவர்கள் என்று பொருள். ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. ரேஷன் கடை மெஷினில் கஸ்பாரின் கட்டைவிரல் பதிந்தது, கடைக்காரர் சந்தோஷமாக அரிசி போட்டார். மினிபஸ் கண்டக்டர் காலி சீட்டில் யாரையும் உட்காரச் சொல்வதற்கு முன்னால் கையால் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். கோவிலில் சாமியார் நற்கருணை அப்பத்தை நீட்டிக்கொண்டு நின்றால் அது நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகும். தண்ணீர்க்குழாயடியில் குளிக்கிற பெண்கள் புகார் செய்ததால் மூன்று பேரும் வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்து, அந்தப் பக்கம் வருவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். கை வைத்தார்களா என்று யாருக்கும் தெரியாததால் புத்தகத்தின் மேல் மாவு தூவி வைத்தோம். ரோட்டில் இரண்டு முறை பைக் மோதியபிறகு, நடக்கும்போது சைக்கிள் பெல்லைக் கையில் வைத்து அடித்துக்கொண்டே நடக்கவேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. இப்படி அவர்களுக்காக எத்தனையோ வழக்கங்களை மாற்றினோம், புதிதாக உண்டாக்கினோம். சேலை மட்டும் பெட்டியிலேயே இருந்தது. அடுத்த வருடமும் பந்தயம் நடந்தது, அதற்கு அடுத்த வருடமும் நடந்தது, அதில் ஒருவனுக்குச் சேலையும் கட்டினோம்.

கஸ்பாரின் மனைவி வியாகுலா கருவாட்டுக் களத்தில் வேலை பார்க்கிறவள், வாய் கொஞ்சம் நீளம், அதனால் களத்தில் அவள் பக்கத்தில் உட்காரப் போட்டி நடக்கும். முதல் வருடம் அவள்தான் இதை வேடிக்கையாக்கினாள். "முன்னயும் வீட்டுக்குள்ள இருந்தாவளா இல்லியான்னு எனக்குத் தெரியாது, இப்பவும் தெரியாது, என்ன வித்தியாசம்?" என்பாள். நாங்கள் சிரிப்போம். ஆனால் கஸ்பார் சவரம் செய்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எந்த வேலைக்கும் போகமாட்டாள். கன்னத்தில் சோப்பு நுரை பூசியதும் காற்றில் வெள்ளையாக ஒரு தாடையும் மேலுதடும் தொண்டை வளைவும் தோன்றும், கத்தி அதை வழித்து எடுக்கும்வரை அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். புருசனுடைய முகத்தில் அவளுக்கு மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

மூன்றாவது வருடம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் பயம் வந்தது. பிச்சையின் அம்மா தினமும் மகனுக்கு வைக்கிற சோற்றுத் தட்டு ஒருநாள் அப்படியே இருந்தது. வயிறு சரியில்லைபோல என்றார்கள். மறுநாளும் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் சொன்னதுபோலவும் இருந்தது சொல்லாததுபோலவும் இருந்தது. அவன் பெல் கட்டில்மேல் கிடந்தது, அதற்குப்பிறகு அது யார் கைக்கும் போகவில்லை. சாமியார் பூசை வைக்கலாமா என்று யோசித்தார், செத்தவனுக்கான பூசையா காணாமல்போனவனுக்கான பூசையா என்று தெரியாமல் பொதுவாக ஒரு பூசை வைத்தார். ஞானதீபம் நாகர்கோவிலில் அக்காள் வீட்டுக்கு என்று பஸ் ஏறினான். அக்காள் போன் பண்ணி, "அவன் எப்ப வாரான்?" என்று கேட்டாள். அந்த பஸ்ஸிலிருந்து அவன் இறங்கினானா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்பாரின் கன்னத்தில் நுரை நிற்கவில்லை. பூசப் பூச வழுகி, தரையில் சொத் சொத்தென்று விழுந்தது. வியாகுலா துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். அதற்குப்பிறகு களத்தில் அவள் வேடிக்கை பேசவில்லை. அவன் குரலும் மெலிந்துகொண்டு வந்தது, அடுத்த அறையில் யாரோ ரேடியோவைக் குறைத்து வைத்ததுபோல. சாப்பிடும்போது திடீரென்று தட்டில் கை நின்றுவிடும், அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்கும், பிறகு, "காத்து அடிக்குதா?" என்று கேட்பான். வெளியே மணலை வாரி வீசுகிற காற்று அடித்துக்கொண்டிருக்கும். "அடிக்குது, சாப்பிடுங்க" என்பாள் அவள். எதற்காகக் கேட்கிறான் என்று அவன் சொன்னதில்லை, கேட்க அவளுக்கும் தைரியம் வந்ததில்லை.

கஸ்பாரின் தம்பி தொம்மை. இருபத்துநாலு வயது, அண்ணன் இல்லாத இரண்டு பந்தயத்திலும் அவன்தான் சுக்கான் பிடித்தான். திருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது வியாகுலா களத்துக்குப் பின்னால் உப்பு மூட்டை எடுக்கப் போனவள், தொம்மை வெறும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டாள்.

"எரோணிகிட்ட கேட்டுட்டேன் அண்ணே. திருநாள் அன்னைக்கு பத்து மணிக்கு ஒரு நிலக்கரிக் கப்பல் வெளிய போவுது. வெறும் கப்பல், ஒசரமா இருக்கும். அதே மாதிரி. நீ என்கூட வள்ளத்துல ஏறிக்க. போன வாசல் வழியாத்தானே திரும்பி வரணும்? உள்ள போயி வெளிய வந்தா நீ முழுசா வந்துருவ."

சுவர் என்ன சொன்னது என்று அவளுக்குக் கேட்கவில்லை.

மூட்டையைப் போட்டுவிட்டு அவள் முன்னால் போய் நின்றாள். "வாசலா? எந்தத் தச்சன் வச்ச வாசல்ல அது? நெல எங்க இருக்கு, கதவு எங்க இருக்கு?"

"மதினி, சத்தம் போடாதீங்க."

"எங்க வீட்டுல ஒருத்தர் போனாவ, மூணுல ஒண்ணாப் போனாவ. இப்ப நீயும் ஒன் வள்ளத்துல ஏறுத அந்த ரெண்டு பயலுவளும் போயி, வெறும் பாயி மட்டும் கரைக்கு வரும், பங்கிராசு மாமா பரிசு குடுப்பாரு. அதுக்கா?"

தொம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. "பிச்சை தட்ட பாத்தியளா மதினி? இன்னும் எத்தன நாளு அண்ணன் பேசும்னு நினைக்கிய? ஒரு மாசம்? சும்மா இருந்தாலும் போயிரும், போனாலும் போயிரும். போனா ஒரு வழி இருக்கு."

வியாகுலா உப்பு மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனாள். பங்கிராஸ் வலை காயப்போடுகிற மரத்தடியில் ஈசிசேரில் படுத்திருந்தார்.

"மாமா, இந்த வருசம் கப்பல் போற நேரம் பந்தயம் வேண்டாம். இல்லன்னா கப்பலக் கண்டா பாயத் தாத்தலாம்னு சொல்லிருங்க. சேலைய எடுத்து எரிச்சுப்போடுங்க."

"எரிக்கதாவது! எங்க அப்பா காலத்துச் சேல அது, வியாகுலா. அவருக்கே ஒருக்கா கட்டியிருக்கு." அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. "இப்ப நான் எடுத்துட்டா, அப்பனுக்குக் கட்டினதால மகன் எடுத்துட்டான்னு சொல்லமாட்டானுவளா?"

"ரெண்டு ஆளு இல்லாம போயிட்டாவ மாமா."

"ஆமா, பாவம்," என்றார் அவர், மனசார. "வேணும்னா பெல்லு இன்னும் கொஞ்சம் சத்தமா உள்ளதா வாங்கித் தரச் சொல்லுதேன்."

திருநாள் அன்றைக்குப் பூசை முடிந்து ஒன்பது மணிக்கு ஏழு வள்ளங்கள் கரையில் வரிசையாக நின்றன. கச்சான் தெற்கே துறைமுகப் பக்கமிருந்து கடலை நோக்கிச் சாய்வாகப் பலமாக வீசிக்கொண்டிருந்தது. கொடித்துணியெல்லாம் கடலைப் பார்த்து விறைத்து நின்றது. தொம்மையின் வள்ளத்தில் எப்போதும்போல எரோணியும் கூட்டாளி லாசரும் ஏறினார்கள், பக்கப் பலகையில் ஒரு பெல் தானாக ஏறி உட்கார்ந்தது. வள்ளத்தைத் தள்ளுகிற நேரத்தில் வியாகுலா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப்போய் விளிம்பைப் பிடித்து ஏறி உள்ளே உட்கார்ந்துகொண்டாள். கரையெல்லாம் கூச்சல்.

"ஏ, எறங்கு புள்ள! பந்தய வள்ளத்துல பொம்பள ஏறக்கூடாது!"

"எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு?" என்றாள் அவள். "எங்க வீட்டு ஆள் இதுல இருக்காவ. கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு எடம் உண்டு, தெரிஞ்ச ஆளுக்கு எடம் இல்லையா?"

அதற்குப் பதில் யோசிப்பதற்குள் வெடி வெடித்துவிட்டது.

வள்ளத்துக்குள் நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை, பிறகு எரோணியும் லாசரும் சொல்லித்தான் தெரியும், இருவரும் வேறு எதில் சண்டைபோட்டாலும் இதை மட்டும் ஒரே மாதிரி சொன்னார்கள். காற்று பக்கத்திலிருந்து அடிக்க வள்ளம் பறந்தது. பாதி தூரம் போனபோது துறைமுக வாசலிலிருந்து கப்பல் வெளிப்பட்டது. சரக்கில்லாததால் அதன் சிவப்பு வயிறு முழுக்க வெளியே தெரிந்தது, ஒரு தெருவையே தூக்கி நிறுத்தியதுபோல இருந்தது, அது நகர்கிறது என்று சொல்லவே முடியவில்லை. எரோணி அதைப் பாய்மரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். மரத்துக்கு வலப்பக்கம் ஒரு சாண். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தான். அதே ஒரு சாண். கப்பல் மட்டும் பெரிதாகியிருந்தது.

மற்ற வள்ளங்கள் கொஞ்சம் பின்தங்கின. சேலைக்குப் பயந்து யாரும் பாயைத் தாழ்த்தவில்லை, ஆனால் பாய்க்கயிற்றை யாருக்கும் தெரியாமல் நெகிழ்த்திக் காற்றை வடியவிட்டார்கள். தொம்மை நெகிழ்த்தவில்லை. "மதினி, அண்ணன் கையப் புடிச்சுக்கிடுங்க," என்று மட்டும் சொன்னான். வியாகுலா பலகையில் தடவி ஒரு கையைப் பிடித்தாள். அது துணியைப் பிடிப்பதுபோல இருந்தது.

கண்ணாடி அறை கப்பலின் வாலில் வெயில்பட்டு மின்னிக்கொண்டிருந்தது. வள்ளம் கிட்டே போகப்போக அது மூக்குக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. முதலில் அதன் சுவர் மறைந்தது, பிறகு கதவுகள், பிறகு கீழ்ப் பாதி. கப்பல் ஊதியது, குட்டை குட்டையாக, விடாமல், அந்தச் சத்தம் வள்ளத்தின் பலகைவழியாக முதுகெலும்பில் ஏறியது. அடுத்த நொடி காற்று செத்தது. கப்பலின் உடம்பு கச்சானுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்துவிட்டது. அவ்வளவு நேரம் விம்மி நின்ற பாய் ஈரத்துணியாகத் தொங்கியது. அலையும்கூட அடங்கிவிட்டதுபோல இருந்தது. மூக்கின் கீழ் தண்ணீர் கிழிகிற சத்தம் மட்டும், யாரோ கோணிச்சாக்கை நிதானமாகக் கிழிப்பதுபோல, வந்துகொண்டே இருந்தது.

அப்போது முன்னால் உட்கார்ந்திருந்த லாசர் தன் காலைப் பார்த்தான். பாதம் இல்லை. முழங்கால்வரை இல்லை.

வியாகுலா பிடித்திருந்த கை அவளைத் தன் பக்கம் இழுத்தது. அவள் குனிந்து காதைக் கொண்டுபோனாள், நூலாக ஒரு குரல் வந்தது. "காத்து நின்னுபோச்சா?"

"நின்னுபோச்சு."

"எனக்கு அன்னைக்கு நின்னதுதான். இன்னும் அடிக்கல." மூச்சு வாங்கியது. "நான் வெளிய வரவே இல்ல, வியாகுலா. வீட்டுல இருக்கும்போதும், சோறு திங்கும்போதும், இந்த மூக்கு என் மேல வந்துக்கிட்டேதான் இருக்கு. மூணு வருசமா வந்துக்கிட்டே இருக்கு. இது வாசல் இல்ல. இதுக்குள்ள வந்தவன் இதுக்குள்ளயேதான் இருக்கான். தம்பியத் திருப்பச் சொல்லு. நான் சொன்னா அவனுக்குக் கேக்காது."

அவள் எழுந்து நின்றாள். கண்ணாடியில் மேல் வரிசை ஒன்றுதான் மிச்சமிருந்தது, ஒரு கத்தியின் விளிம்பு அளவு.

"தொம்மை, சுக்கான எங்கிட்ட குடு. பாயை எறக்குங்கல. துடுப்ப எடுங்க, பின்னால தள்ளுங்க, வந்த பக்கமே தள்ளுங்க."

"மதினி, அண்ணன்..."

"அண்ணன்தான் சொல்லுதாவ. ஒரு ஆளு இங்கயே நிக்கது போதும்."

எரோணி கரைப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். அவன் என்ன நினைத்தான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சேலையா? நான் பொறந்ததுலயிருந்து சேலதாம்ல கட்டுதேன், எனக்கு என்ன ஆயிப்போச்சு? எறக்கு!"

பாய் விழுந்தது. கரையில் நின்ற எங்களுக்கு அது தெரிந்தது. யாரும் குலவை போடவில்லை. நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

வள்ளத்தில் நாலு துடுப்பு. எரோணி ஒன்றை எடுத்தான், காலில்லாத லாசர் ஒன்றை எடுத்தான், தொம்மை ஒன்றை எடுத்தான். நாலாவது துடுப்பு தானாக எழும்பி, ஒருமுறை வழுகி, மறுபடி எழும்பித் தண்ணீரில் இறங்கியது. தள்ளினார்கள். வள்ளம் அசையவே இல்லைபோல இருந்தது, கப்பலின் முன்புறத்தில் நங்கூரத்திலிருந்து துரு ஒழுகிய கறை தெரிந்தது, வயிற்றில் ஒட்டிக் காய்ந்த சிப்பி தெரிந்தது. வியாகுலா கப்பலைப் பார்க்கவில்லை. மேலே அந்தக் கண்ணாடி வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டு, "தள்ளு, தள்ளு, இன்னும் தெரியல, தள்ளு" என்று பூசையில் மன்றாட்டுச் சொல்வதுபோல விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தி விளிம்பு ஒரு விரற்கடை ஆனது. ஒரு விரற்கடை ஒரு சாண் ஆனது. லாசருக்கு முழங்கால் வந்தது, கணுக்கால் வந்தது, ஐந்து விரலையும் மடக்கிப் பார்த்துவிட்டு அழத்தொடங்கினான், அழுதுகொண்டே தள்ளினான்.

மூக்கு அவர்களுக்கு முன்னால் பத்துப் பாகத்தில் கடந்தது. அது ஒதுக்கிவிட்ட தண்ணீர் மலைபோல வந்து வள்ளத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் எறிந்தது, கவிழவில்லை. பிறகு சுவர். வீடு வீடாக, தெரு தெருவாகக் கடந்துபோகிற சிவப்புச் சுவர், முடியவே முடியாது என்பதுபோல. வியாகுலா சுக்கானை விட்டுவிட்டு நாலாவது துடுப்பின் பிடியைத் தொட்டுப் பார்த்தாள். அது சூடாக இருந்தது, ஆனால் அசையவில்லை. "இருக்கியளா?" என்று கேட்டாள். பதில் வந்ததா என்று தெரியவில்லை, கப்பலின் விசிறி பாதி வெளியே நின்று தண்ணீரை அறைகிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். காதைக் கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. பிச்சையின் அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அப்போது கப்பலின் வால் அவர்களுக்கு மேலே வந்தது. கண்ணாடி அறைக்கு வெளியே பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனியில், கப்பலை வெளியே கொண்டுவிட வந்திருந்த துறைமுக அதிகாரி ஒருவர், வெள்ளைச் சட்டைக்குமேல் ஆரஞ்சு கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒலிபெருக்கியோடு நின்றார். பயத்தில் அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அறிவு இருக்காய்யா உங்களுக்கு?" என்று ஒலிபெருக்கி அலறியது. "ஒரு ஆள் ரெண்டு ஆள் இல்ல, அஞ்சு பேரும் ஒண்ணா சாகவா வந்தீங்க?"

தொம்மை தலையைக் குனிந்துகொண்டான். எரோணி கையெடுத்துக் கும்பிட்டான். வியாகுலா மட்டும் அண்ணாந்தபடியே நின்றாள். எரோணி, லாசர், தொம்மை, தான். விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அவள் கண்ணுக்கு நாலு, கண்ணாடி அறைக்கு ஐந்து.

பிறகு கையை வாயோரம் குவித்துக்கொண்டு, களத்தில் காக்காய் விரட்டுகிற குரலில் கத்தினாள். "சாமீ! அந்த அஞ்சாவது ஆளு எங்க இருக்காவ?"

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த மனிதர் இத்தனை வருடத்தில் கடலில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். "என்னம்மா கேக்கிற? உன் பக்கத்துலதான் துடுப்பைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கான்."

"இளைச்சிருக்காவளா?"

கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது. "ரொம்ப இளைச்சிருக்கான். அவனுக்கு என்ன ஆச்சு? கப்பல் கடந்துபோச்சே, இன்னும் அங்கயே அண்ணாந்து பாத்துட்டிருக்கான். கண்ணைக்கூட இமைக்கல."

வியாகுலா முட்டிபோட்டு உட்கார்ந்தாள். துடுப்பின் பிடியிலிருந்து காற்றில் தடவிக்கொண்டே மேலே போனாள், கை, தோள், கழுத்து, கொஞ்சம் துணிபோல, கொஞ்சம் தண்ணீர்போல, நழுவ நழுவ விடாமல் தடவி, கடைசியில் தாடையைக் கண்டுபிடித்தாள். அதை இரண்டு கையாலும் பிடித்து, பலமாக, வலிக்கும் என்று பார்க்காமல், தன் பக்கம் திருப்பினாள். கடலின்மேல் கச்சான் திரும்பி வந்துகொண்டிருந்தது, தூரத்தில் தண்ணீர் சுருங்கிச் சுருங்கிக் கறுத்தது.

"சாமீ!" என்று அவள் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். "இப்ப?"

ஒலிபெருக்கி ரொம்ப தூரத்துக்குப் போய்விட்டிருந்தது. ஆனாலும் வள்ளத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"இப்ப உன்னைப் பாக்கிறான்மா."